வெறும் வானம்

மார்ச் 24, திங்கள்

நிறுவனத்து மருத்துவர் தினமும் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டது தூக்க மாத்திரை. இந்த உயரத்தில் அதைக் கொடுக்கக் கூடாதாம், மூச்சு குறையுமாம். நோட்டு ஒன்று வாங்கிக்கொள் என்றார். வாங்கினேன். இதுதான் அது.

இடம்: லடாக், நாலாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம். ஆறு மீட்டர் தட்டு உள்ள ரேடியோ தொலைநோக்கி. நான் தரணிதரன், ஊர் காங்கேயம், வயது இருபத்தேழு, முனைவர் பட்ட ஆய்வில் நான்காம் ஆண்டு. கூட இருப்பவர் ஸ்டான்ஜின், கீழே உள்ள கிராமத்துக்காரர். ஜெனரேட்டரும் சமையலும் அவர் பொறுப்பு. முன்பு ஆய்வுக்கு இரண்டு பேர் இருந்தோம். பிப்ரவரி 10இலிருந்து நான் மட்டும்.

பத்து வரி ஆகிவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

ராத்திரி பனி கொட்டியிருந்தது. காலையில் தட்டில் நான்கு விரல் உயரம். நானும் ஸ்டான்ஜினும் நீளத் துடைப்பத்தால் தள்ளினோம். ஒன்றரை மணி நேரம் வீண்.

பகலில் என்ன நட்சத்திரத்தைப் பார்க்கிறாய் என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரே தடவை எழுதி வைக்கிறேன். நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. நட்சத்திரம் உருவாகிற இடத்தில் குளிர்ந்த வாயு இருக்கும். அது ரேடியோ அலையை விடும். அதற்கு ராத்திரி பகல் கிடையாது. ரிஷப ராசிப் பக்கம் ஒரு மேகம். அதில் இளம் நட்சத்திரங்கள் ஏழு. பிறந்து பத்து லட்சம் வருடம்தான் ஆகிறது, எங்கள் கணக்கில் பால்குடி வயது. அந்த ஏழுக்கும் நடுவில் இன்னும் நட்சத்திரம் ஆகாத ஒரு வாயு முடிச்சு. ஏப்ரலில் இந்த மேகம் காலை எட்டு மணிக்கு மேலே எழும்பி சாயங்காலம் வரை இருக்கும். சூரியன் தினமும் அதை நெருங்கிக்கொண்டே வருகிறது. மே முதல் வாரத்துக்குப் பிறகு தட்டை அந்தப் பக்கம் திருப்பினால் நடுவில் இருக்கிற கருவி வெந்துவிடும். அதற்குள் மேகம் முழுவதையும் வரைபடமாக்க வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத எதுவும் நடக்கவில்லை.

முடிச்சைப் பற்றிச் சொன்னேன். அது பல வருடமாகப் பட்டியலில் இருக்கிற முடிச்சு. அதற்குள் என்ன நடக்கிறது என்று கண்டது என்னோடு இங்கே இருந்த ஆல்வின். வாயு உள்நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. அதாவது அங்கே ஒரு நட்சத்திரம் பிறக்கப்போகிறது. அதற்குத் தடயம் வாயு விடுகிற அலையைத் திரையில் வரைந்தால் வரும் கோட்டில் இருக்கும்: இரண்டு மேடு, இடது மேடு உயரம், நடுவில் ஒரு பள்ளம். ஆல்வினின் கோட்டில் அது பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி இருந்தது. கட்டுரை ஜனவரியில் ஏற்கப்பட்டுவிட்டது. மே மாத இதழில் வருகிறது. முதல் பெயர் அவன், இரண்டாவது நான், மூன்றாவது எங்கள் வழிகாட்டி லலிதாம்பிகா மேடம்.

அவனுடைய கட்டிலை எடுத்து ஸ்டோரில் போடட்டுமா என்று ஸ்டான்ஜின் கேட்டார். கிடக்கட்டும், ஈரத் துணி போட வசதி என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்ததும் ஆல்வினின் அப்பா போன் செய்வார். முன்பு அவனுக்கு. இப்போது எனக்கு. ஞானதுரை, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாசரேத் பக்கம் ஊர். ஆல்வின் பத்தாவது படிக்கும்போதே அவன் அம்மா இல்லை. வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான்.

"என்ன தம்பி, சாப்ட்டாச்சா? குளிரு எப்படி?"

"மைனஸ் பதினொண்ணுங்கப்பா. பரவாயில்லீங்க."

"அவனும் இதத்தான் சொல்லுவான். மைனஸ் பதினொண்ணுன்னுட்டு பரவாயில்லம்பான்."

 பிறகு விஷயத்துக்கு வந்தார். ஆல்வினின் கல்லறைக் கல் தயாராகிறது. ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தான் நடக்குமாம், அதற்குள் நட்டுவிட வேண்டுமாம். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அதற்குக் கீழே அவன் செய்த வேலையைப் பற்றி ஒரு வரி.

"வசனம் போடலாம்னு பாஸ்டர் சொன்னாவ. வசனம் எல்லார் கல்லுலயும் இருக்கு. எம்மவன் கல்லுல அவன் பாத்தது இருக்கணும். எழுதி வச்சிருக்கேன், கேளுங்க. 'உலகத்தில் முதல்முதலாக ஒரு நட்சத்திரம் பிறப்பதைக் கண்டவன்.'"

"தப்புங்கப்பா," என்றேன். "முதல்முதலாங்கறது பொய். இதுக்கு முன்னாடி நிறையப் பேரு பாத்திருக்காங்க. அப்புறம், பிறக்கறத இவன் பாக்கல. பிறக்கப்போறத பாத்தான். அதுக்கு இன்னும் ஒரு லட்சம் வருசம் ஆகும்."

"அப்படியா," என்றார். பேனா தேடுகிற சத்தம் கேட்டது. "நீங்களே சரியாச் சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டார்: 'நட்சத்திரம் ஒன்று பிறக்கப்போவதை மேகத்தினுள் கண்டவன்.'

இதுதான் துல்லியம். அவரும் நல்லாருக்கு என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எரிச்சலான நாள். வரைபடம் முடிச்சு வரைக்கும் வந்துவிட்டது. முடிச்சின் மேல் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பள்ளம் இல்லை. ஒரே மேடு, வழவழவென்று.

கருவியில் கோளாறு. வேறென்ன.

ஏப்ரல் 2, புதன்

திரவ நைட்ரஜன் வைத்துக் கருவியைச் சோதித்தேன். சரியாக இருக்கிறது. தட்டு குறி தவறுகிறதா என்று வியாழன் கோளை வைத்துப் பார்த்தேன். தவறவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மறுபடியும் முடிச்சு. பள்ளம் இல்லை.

கணினித் திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டான்ஜின் தேநீர் கொண்டுவந்தார். "அதற்குக் காது கிடையாது. என்னைத் திட்டு, எனக்காவது இந்தி புரியும்," என்றார். திட்டினேன். தேநீரில் உப்பு அதிகம் என்று. இங்கே தேநீரில் உப்புதான் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 5, சனி

எங்கள் வேலையின் அடிப்படையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் மேலே எழுதப்போவது விளங்காது.

வானத்திலிருந்து வருகிற அலை மிகவும் மெலிசு. காற்றும் கருவியும் போடுகிற இரைச்சல் அதைவிட ஆயிரம் மடங்கு. அதனால் முப்பது விநாடி மேகத்தைப் பார்ப்போம். அது ஆன். உடனே பக்கத்தில் எதுவும் இல்லாத வெறும் வானத்துக்குத் தட்டைத் திருப்பி முப்பது விநாடி. அது ஆஃப். ஆனிலிருந்து ஆஃபைக் கழித்தால் காற்றும் கருவியும் கழிந்துபோகும், மேகம் மட்டும் மிஞ்சும். நாள் பூராவும் இதுதான். ஆன், ஆஃப், ஆன், ஆஃப்.

ஆஃப் வெறும் வானமாக இருக்க வேண்டும். அங்கேயும் கொஞ்சம் வாயு இருந்துவிட்டால் அதையும் சேர்த்துக் கழித்துவிடுவோம். முழுசாக இருக்கிற கோட்டின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகும். பார்க்கப் பள்ளம் மாதிரி இருக்கும்.

இப்போது வரைபடத்துக்கு மேடம் கொடுத்திருக்கிற ஆஃப் இடம் மூன்று பாகை தள்ளி இருக்கிறது. நவம்பரில் ஆல்வினின் முடிச்சைப் பார்த்தபோது அரைப் பாகை தள்ளி ஒரு இடம் தேர்வு செய்யப்பட்டது.

அவ்வளவுதான் இன்றைக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஞானதுரை அப்பா போன் செய்தார். கல்லில் எழுத்து என்ன அளவில் வரும் என்று கொத்தர் காகிதத்தில் எழுதிக் காட்டினாராம். அந்த வரியை வாசித்துக் காட்டி, "ஒண்ணும் தப்பில்லயே தம்பி?" என்று கேட்டார்.

"எழுத்துப் பிழை இல்லீங்கப்பா," என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பழைய ஆஃப் இடத்தையே ஆனாக வைத்து, வெகுதூரத்தில் ஒரு ஆஃப் வைத்து, நாற்பது நிமிடம் பார்த்தேன்.

அங்கே வாயு இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

நாற்பது நிமிடம். நவம்பரிலேயே செய்திருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆஃபில் இருக்கிற வாயுவை எடுத்து இப்போதைய கோட்டிலிருந்து கழித்தால் ஆல்வினின் பள்ளம் அப்படியே வருகிறது. இடது மேடு, வலது மேடு எல்லாம். எதுவும் விழவில்லை. முடிச்சு சும்மா இருக்கிறது. நாங்கள் செய்த கழித்தலில் உண்டானது அந்த நட்சத்திரம்.

பிறகு பதிவேட்டை எடுத்தேன். தொலைநோக்கி அறையில் ஒரு பெரிய நோட்டு உண்டு, பார்க்கிறவர்கள் அன்றன்று எழுதி வைப்பது. ஆல்வினின் கடைசிப் பதிவு பிப்ரவரி 9. மறுநாள் பத்து நாள் விடுப்பில் ஊருக்குக் கிளம்பினான். லேவுக்கு இறங்குகிற வழியில் வண்டி பனியில் சறுக்கியது. ஓட்டியவர் மேல் பிழை இல்லை, பாதை அப்படி. அந்தப் பதிவில் கடைசியில் எழுதியிருக்கிறான்: "முடிச்சின் ஆஃப் சுத்தமா? ஊரிலிருந்து திரும்பியதும் முதல் வேலை இதுதான்."

இந்தப் பக்கத்தை நான் பிப்ரவரியிலேயே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவனுடைய கையெழுத்தாக இருந்ததால் மூடிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மேடத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"எத்தனை தடவை பாத்தே?"

"மூணு. ரெண்டு வேற வேற ஆஃப் வச்சு."

"சந்தேகமே இல்லையா?"

"இல்ல மேடம்."

பெருமூச்சு விட்டது கேட்டது. "இதழுக்கு இன்னிக்கே எழுதிடறேன். கட்டுரைய வாபஸ் வாங்கிக்கலாம். அச்சுக்குப் போகல, தப்பிச்சோம்." பிறகு கேட்டார், "தரணி, அவங்க அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா? கல்லறைல ஏதோ எழுதறதா எங்கிட்டயும் சொன்னாரு."

"நான் சொல்றேன் மேடம்."

"நீ சொன்னா கல்லெறியற மாதிரி இருக்கும்."

"நான்தான் சொல்லணும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சொல்லவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வந்தது, இறக்க ஆள் இல்லை, நானும் போனேன்.

ஏப்ரல் 12, சனி

சொல்லவில்லை. மதியம் போனைக் கையில் எடுத்தேன். அவர் அப்போது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்.

எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிறவன் என்றுதான் எனக்குப் பெயர். சொந்த அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையின் எதிரிலேயே சொன்னவன். கருத்தரங்கில் ஒரு பெரிய மனிதரிடம் உங்கள் மூன்றாவது படம் தவறு என்று எழுந்து நின்று சொன்னேன். ஆல்வின் என்னைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "ஏல, ஒனக்கு இட்லி வேகுத வரைக்கும் பொறுக்காதுல. மாவையே கரைச்சுக் குடிச்சிருவ," என்றான். படம் தவறுதான் என்று பிறகு அவனும் ஒத்துக்கொண்டான். ஆனால் அவன் சாயங்காலம் அவருடைய அறைக்குப் போய்க் கதவைத் தட்டிச் சொல்லியிருப்பானாம்.

அவனுக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. அது எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயில் வாசலிலிருந்தே கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டு போகிற சத்தம்.

"கொத்தன் செவ்வாக்கிழம வெட்ட ஆரம்பிக்கான் தம்பி. நானும் போய் உக்காந்துக்கிடப் போறேன். இல்லன்னா எழுத்த கோணலா வெட்டிருவான்."

"அப்பா, ஒரு விசயம்," என்றேன்.

"சொல்லுங்க."

"இங்க சிக்னல் சரியில்லீங்க. அப்புறம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து கோடும் இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

காலையிலிருந்து மேகமூட்டம். தட்டை நிறுத்தி வைத்தோம். அறையைப் பெருக்கினேன். இரண்டு தடவை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்ததுமே உளிச் சத்தம். கொத்தரின் பட்டறையில் இருக்கிறார்.

"பேரு வெட்டியாச்சு தம்பி. நல்லா வந்துருக்கு. தேதி வெட்டிக்கிட்டிருக்கான். சாப்பாட்டுக்கு மேல அந்த வரி."

"அப்பா, அந்த வரிய வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன், இடம் பத்தாதா?"

"அது உண்மை இல்லீங்கப்பா. அவன் பாத்தது தப்பு. அங்க நட்சத்திரம் ஒண்ணும் பிறக்கப்போறதில்ல. கட்டுரையத் திருப்பி வாங்கிட்டோம்."

மேடம் சொன்னது சரி. கல்லெறிந்த மாதிரிதான் இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"ஏ, சுடலை, செத்த நிறுத்து," என்று கொத்தரிடம் சொல்வது கேட்டது. உளிச் சத்தம் நின்றது. "எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க தம்பி."

சொன்னேன். ஆன், ஆஃப், கழித்தல் எல்லாம். நிதானமாகச் சொன்னேன், எனக்கு வராத நிதானம். நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அதாவது," என்றார், "மீட்டர் ரெண்டு ஒயருக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தத்தான் காட்டும். நியூட்ரல்னு நெனச்சு வச்ச ஒயர்லயே கரண்டு இருந்துருக்கு."

"ஆமாங்கப்பா. அதேதான்."

"மீட்டர் மேல தப்பு இல்ல."

"இல்லீங்க."

"அப்ப லைன் கிளியர் யாரு குடுத்தது?"

லைன் கிளியர் என்றால் என்ன என்று ஆல்வின் எனக்குச் சொல்லியிருக்கிறான். ஒருவர் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால், இந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று கீழே இருக்கிற ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். ஏறுகிறவர் அந்த வார்த்தையை நம்பித்தான் கை வைப்பார். முப்பத்திரண்டு வருடம் ஞானதுரை அப்பா அப்படித்தான் ஏறினார்.

"நான்தாங்கப்பா," என்றேன்.

இந்த நோட்டில் இதை எழுதாமல் இருந்தேன். ஏப்ரல் 5 அன்று "ஒரு இடம் தேர்வு செய்யப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன், அது தானாகத் தேர்வாகிவிட்ட மாதிரி. நவம்பர் 18 அன்று ஆல்வின் ஆஃப் இடத்தை முதலில் சோதித்துவிடலாம் என்றான். தூரமாக ஒரு இடம் வைத்தால் தட்டு திரும்பித் திரும்பி வர நேரம் ஆகிறது, பக்கத்தில் வைத்தால் இரண்டு நாள் வேலை ஒன்றரை நாளில் முடியும் என்று நான் சொன்னேன். சரி, பக்கத்திலேயே வைப்போம், ஆனால் நாற்பது நிமிடம் சோதித்துவிட்டு வைப்போம் என்றான். அதற்கும் நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டி, "வெறும் வானம்டா அது, ஒரு மண்ணும் இல்ல, போடு," என்றேன். அந்த வரைபடம் அவ்வளவு நுட்பமானது இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் போட்டான்.

ஏப்ரல் 9 அன்று அவனுடைய பதிவை இங்கே பார்த்து எழுதியபோது நடுவில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். முழுதாக இது: "முடிச்சின் ஆஃப் சுத்தமா? தரணி சுத்தம் என்கிறான். ஊரிலிருந்து திரும்பியதும் முதல் வேலை இதுதான்."

 நான்தான் என்று சொன்னதும், ஞானதுரை அப்பா போனை வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவனுக்குத் தெரியுமா தம்பி, இது தப்புன்னு?"

"சந்தேகம் இருந்துச்சுங்கப்பா. கெளம்பறதுக்கு முந்தின நாள் எழுதி வச்சிருக்கான். திரும்பி வந்து பாக்கறேன்னு."

"வாசிங்க."

வாசித்தேன். இந்தத் தடவை மூன்று வாக்கியத்தையும்.

"சரி," என்றார். என்னிடமா அவனிடமா என்று தெரியவில்லை. பிறகு கொத்தரிடம் பேசினார். "சுடலை, பேரும் தேதியும் போதும்டே. அந்த வரி வேண்டாம்." கொத்தர் என்னவோ கேட்டார். "காசு கெடக்கட்டும்டே, வேண்டாம்னா வேண்டாம்."

போனை அவர்தான் வைத்தார். வைக்கிறேன் என்று சொல்லாமல் அவர் வைத்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 16, புதன்

ஆன், ஆஃப். நாற்பத்தாறு தடவை. ஒவ்வொரு ஆஃபையும் சோதித்த பிறகு.

ஏப்ரல் 17, வியாழன்

புதிய கட்டுரையைத் தொடங்கினேன். முடிச்சில் வாயு உள்ளே விழவில்லை என்பது அதன் முடிவு. சுவாரசியமில்லாத முடிவு. இப்படிப்பட்ட முடிச்சுகள் சில நட்சத்திரமாகும், சில அப்படியே கலைந்து போகும், எது எப்படி என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. முதல் பெயர் ஆல்வின் ஞானதுரை. அளவீட்டு முறை பற்றிய பகுதியில் எழுதினேன்: முந்தைய ஆஃப் இடத்தைச் சோதிக்காமல் தேர்ந்தெடுத்தவர் இரண்டாம் ஆசிரியர், அதன் மேல் முதலில் ஐயம் எழுப்பிப் பதிவு செய்தவர் முதல் ஆசிரியர்.

மேடத்திடமிருந்து பதில்: "யாரு என்ன பண்ணாங்கன்னு கட்டுரையில இப்படி எழுதற வழக்கம் இல்ல."

"தெரியும் மேடம்," என்று எழுதினேன்.

அரை மணி நேரம் கழித்து: "இருக்கட்டும்."

ஏப்ரல் 19, சனி

ஸ்டான்ஜின் கேட்டார்: "உன் நண்பனின் அப்பா நாளைக்குக் கூப்பிடுவாரா?"

"தெரியாது."

"நீ கூப்பிடு."

"அவரு எடுக்கலைன்னா?"

"அப்போது அவர் எடுக்கவில்லை என்று உனக்குத் தெரியும்," என்றார். உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளினார், உரிக்கச் சொல்லி.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ஒன்பது மணிக்குக் கூப்பிடவில்லை. பத்துக்கும் இல்லை. மேகம் எழும்பிவிட்டது, வேலையை ஆரம்பித்தேன். போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பதினொன்றே காலுக்கு அடித்தது.

"கல்லு வச்சாச்சு தம்பி."

"சரிங்கப்பா."

"விடியக்காலம் நாலு மணிக்கே எல்லாரும் மெழுகுவத்தி வச்சிட்டாவ. சின்ன கல்லுதான். பேரு நல்லா தெரியுது. தேதிக்குக் கீழ கொஞ்சம் இடம் சும்மா கெடக்கு. அங்க என்ன எழுதப்போறன்னு எல்லாரும் கேக்காவ. ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இந்த ஐந்து நாளும் யோசித்து வைத்திருந்தேன். மன்னிப்பு என்கிற சொல் வரும்படி இரண்டு வாக்கியம். வாயைத் திறந்தேன்.

"அது வேண்டாம் தம்பி," என்றார், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே. குரலில் கோபம் இல்லை. பிரியமும் இல்லை. களைத்துப் போன குரல். "இன்னைக்கு வேண்டாம். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

"சரிங்கப்பா."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்குப் பின்னால ஒரு சத்தம் கேக்குதுல்லா. இச்சு, இச்சுன்னு. அது என்ன?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்புறம்தான் கேட்டது. வருடக் கணக்கில் அதற்குள்ளேயே இருந்ததில் காது அதை விட்டுவிட்டிருக்கிறது.

"கம்ப்ரஸருங்கப்பா. கருவியக் குளுர வைக்கறது. ராத்திரி பகலா ஓடும், நிக்காது."

"அவன் பேசும்போதெல்லாம் பின்னால அது கேக்கும். என்னதுல அதுன்னு கேக்கணும், கேக்கணும்னு நெனப்பேன். அவன் பேச்ச ஆரம்பிச்சிருவான், மறந்துரும்."

நான் எழுந்து போய்க் கம்ப்ரஸர் இருக்கிற பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தேன்.

"இப்ப நல்லா கேக்கு," என்றார். "நீங்க வேலையப் பாருங்க தம்பி. போன மட்டும் கட் பண்ணாண்டாம். அப்படியே அங்கன வையுங்க."

கதவோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆன் முப்பது விநாடி. ஆஃப் முப்பது விநாடி. இடையில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன், லைன் இருந்தது. சார்ஜர் வயரைக் கொண்டுபோய்ச் செருகினேன். அந்தப் பக்கம் காக்கை கத்தியது. யாரோ வாளியை வைத்தார்கள். ஒரு பெண் குரல், பக்கத்து வீடாக இருக்க வேண்டும், "அண்ணாச்சி, யார்ட்ட பேசுதிய?" என்றது.

"பேசல," என்றார் அவர்.

ஸ்டான்ஜின் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்து, ஸ்டூலைப் பார்த்துவிட்டு, சோற்றுத் தட்டை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வாசல் கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினார்.

மதியம் மூன்று மணி பத்து நிமிடம் வரை லைன் இருந்தது. பிறகு அவருடைய போனில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும்.